திருகோணமலைக் குடும்பப் பெயர்கள்: வேர், பொருள், பரவல் – தேடிக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

கனடாவிலோ சுவிஸிலோ பிறந்த பேரப்பிள்ளை தொலைபேசியில் "அப்பம்மா, எங்கட சர்நேமுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கும். திருகோணமலையில் இருக்கும் அப்பம்மாவுக்கு அந்தக் கேள்வியே பிடிபடாது. பிள்ளை சர்நேம் என்று சொல்வது அவருடைய மாமனாரின் பெயர். தம்பலகாமத்தில் வயல் செய்து, வெருகலுக்குக் காவடி எடுத்து, இன்றும் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படமாக இருக்கும் ஒரு மனிதரின் பெயர். அது எப்படி ஒரு குடும்பத்துக்கே பெயரானது?

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் வருகிறது. பதிலுக்கு இணையத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தில் நாலு வரி அர்த்தம், ஒரு 'குடும்பச் சின்னம்', எந்த நாட்டில் எத்தனை பேர் என்று ஒரு வரைபடம் கிடைக்கும். அதில் நம் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் இருக்காது. நம் ஊர்ப் பெயருக்குத் தேடும் ஒழுங்கு வேறு. முதலில் அந்தப் பெயரைச் சுமந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அவருக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். பெயரின் பொருளும் அது எவ்வளவு பரவியது என்பதும் அதற்குப் பிறகுதான்.

முதல் படி: உங்கள் சர்நேம் யாருடைய பெயர்?

நம்மிடம் தகப்பன் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே. கோணாமலையின் மகன் இராசரத்தினம் என்றால் 'கோணாமலை இராசரத்தினம்', சுருக்கினால் 'கோ. இராசரத்தினம்'. அவருடைய பிள்ளைகளுக்கு முன்னெழுத்து 'இ' ஆகிவிடும். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் நகர்ந்துகொண்டே போகும். பக்கத்துச் சிங்களக் குடும்பங்களில் பரம்பரையாக வரும், 'கே' என்று முடியும் வீட்டுப் பெயர் போலவோ ஐரோப்பியர் பெயர் போலவோ ஒரே இடத்தில் நிற்காது.

வெளிநாட்டு விண்ணப்பப் படிவத்தில்தான் அந்த நகர்வு நின்றது. இராசரத்தினத்தின் கடவுச்சீட்டில் சர்நேம் என்ற இடத்தில் தகப்பன் பெயர் இருந்தால், அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 'கோணாமலை' ஆனார்கள். சொந்தப் பெயர் அந்த இடத்தில் இருந்தால் 'இராசரத்தினம்' ஆனார்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் லண்டனிலும் தம்பி நோர்வேயிலும் இருந்தால், இருவரின் பிள்ளைகளுக்கும் இருவேறு சர்நேம் வருவது இப்படித்தான். சித்தப்பா பிள்ளைக்கு ஏன் வேறு பெயர் என்று குழம்ப வேண்டாம், இரத்தம் ஒன்றுதான்.

எனவே முதலில் ஒரு தாளை எடுங்கள். உங்களிலிருந்து தொடங்கி அப்பா, அப்பப்பா, பூட்டன் என்று மேல்நோக்கி எழுதுங்கள். சர்நேமாக இப்போது நிற்கும் பெயர் எந்தப் படியில் ஒருவரின் சொந்தப் பெயராக வருகிறதோ, அந்த ஆள்தான் நீங்கள் தேட வேண்டியவர். பெரும்பாலும் மூன்று படிக்குள் அவர் வந்துவிடுவார்.

வராவிட்டால் அது வேறு வகைப் பெயராக இருக்கலாம். உடையார், விதானையார், வன்னிபம் போன்ற பதவிப் பெயர்கள் சில வீடுகளில் ஆளின் பெயரையே மறைத்துவிட்டன. கிராமத் தலைமைக்காரர் முறையை நீக்கி 1963இல் கிராம சேவையாளர்கள் வந்த பிறகும், 'விதானையார் வளவு' என்றால் எந்த வளவு என்று ஊரில் சொல்வார்கள். பரியாரியார், சட்டம்பியார், அண்ணாவியார், தண்டல், சம்மாட்டி எல்லாம் இந்த வரிசையில் வருபவை. மருந்து கொடுத்தவர், படிப்பித்தவர், கூத்துப் பழக்கியவர், தோணி ஓட்டியவர், கரைவலை வைத்திருந்தவர். பத்திரங்களில் இந்தப் பெயர்கள் ஏறாமலே போனவை நிறைய. ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க இவற்றைப் போல உதவுவது வேறு இல்லை.

இரண்டாம் படி: வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். பதிவேடு அடுத்த வருடமும் இருக்கும். எண்பது வயது அம்மம்மாவின் நினைவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

"எங்கட குடும்ப வரலாறு சொல்லுங்கோ" என்று கேட்டால் ஒன்றும் வராது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அப்பப்பாவை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்? ஊரில் எப்படி? அவருடைய வளவுக்கு என்ன பெயர்? எந்தக் கோயில் திருவிழாவில் எத்தனையாம் நாள் உபயம் உங்களுடையது? அவர் கலியாணம் கட்டின இடம் எது, பிறந்த இடம் எது? நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போவது வழக்கம் என்பதால் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். நிலாவெளியில் வாழ்ந்து இறந்தவர் பிறந்தது கட்டைபறிச்சானாக இருக்கும், நீங்கள் நிலாவெளியிலேயே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கொட்டியாரப் பற்றில் மூதூர், சம்பூர், சேனையூர் என்று தெற்கே வெருகலை நோக்கிப் போகப் போக 'குடி', அதாவது குலப் பிரிவு, என்ன என்றும் கேளுங்கள். மட்டக்களப்பு வழக்கில் குடி தாய்வழியாக வருவது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடுபவர், தாயின் குடியைச் சேர்ந்தவராக இருப்பார். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஆண் வழியில் மட்டும் தேடினால் பாதி உறவு விடுபட்டுப் போகும். அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்ற வரிசையையும் தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள். என்னைக் கேட்டால், கிழக்கின் குடும்பங்களுக்கு இந்த மறுபக்கம்தான் கனமானது.

பேசுவதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், கேட்டுவிட்டுத்தான். ஒரே பெயரை மாமி ஒரு விதமாகவும் பெரியப்பா ஒரு விதமாகவும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். திருத்துவது பிறகு.

மூன்றாம் படி: கடதாசிகள்

இங்கேதான் நேரம் எடுக்கும், பலனும் இங்கேதான்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தொடங்குங்கள். பலரும் பெயரையும் திகதியையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய படிவங்களில் கொஞ்சம் கீழே வாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காதவர் என்றால் பூட்டனாருக்கும் ஒன்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவருடைய தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. அந்தச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய கொடுமை தனிக் கதை. அந்தக் கேள்வியின் தடம்தான் இந்தக் கூட்டிலும் தெரிகிறது. 1960இல் பிறந்த ஒருவரின் பத்திரத்தில் 1890களில் பிறந்த பாட்டனின் பெயரும் ஊரும் கிடைக்கலாம். ஒரே தாளில் மூன்று தலைமுறை.

அண்ணன், அக்கா, சித்தப்பா எல்லோருடைய பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'கோணாமலை' என்றும் இன்னொன்றில் 'கோணமலை' என்றும் இருக்கும். ஒன்றில் வெறுமையாக விட்ட பாட்டன் கூடு மற்றதில் நிரப்பப்பட்டிருக்கும்.

பத்திரம் தொலைந்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். இடம்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் பெட்டியோடு போனவை எத்தனையோ. பிறப்புப் பதிந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். திருகோணமலை நகரம் 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகத்துக்குள் வரும். குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் செயலகங்கள் உண்டு. பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். அதனால்தான் இரண்டாம் படியை முதலில் செய்யச் சொன்னேன். அரச பிறப்பு, இறப்புப் பதிவு 1867 ஆம் ஆண்டின் சட்டத்தோடு வந்தது. அதற்கு முந்தியவரை அங்கே தேட வேண்டாம்.

அடுத்தது காணி உறுதி. நொத்தாரிசின் நீண்ட வாக்கியங்களைப் பார்த்து மலைக்காமல் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, காணி எப்படி வந்தது என்ற பகுதி: முதுசம், சீதனம், நன்கொடை, தேடிய தேட்டம். முதுசம் என்றால் மேலே ஒரு தலைமுறை, சீதனம் என்றால் பெண் வழியில் ஒரு தலைமுறை கட்டாயம் பெயரோடு வரும். இரண்டாவது எல்லை. 'வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் பெண்சாதியின் காணி' என்று எழுதியிருப்பார்கள். அந்த இன்னார்கள் பலர் உங்கள் பூட்டனின் சகோதரர்கள், ஏனென்றால் வளவைப் பிரித்துக் கொண்டவர்கள் அவர்கள்தான். பழைய உறுதியின் பிரதி வீட்டில் இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் தேடலாம்.

அப்புறம் நம்மவர்கள் மறந்துவிடும் ஒன்று: அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலர், பேச்சில் 'கல்வெட்டு' என்போமே அதுதான். அதில் வம்ச வரலாறும் யார் யாரை மணந்தார்கள் என்பதும் பாட்டாகவோ அட்டவணையாகவோ இருக்கும். துக்க வீட்டில் வாங்கி வைத்து அலமாரியில் கிடக்கும் அந்த மெல்லிய புத்தகம், குடும்பத்தவரே குடும்பத்தைப் பற்றி எழுதிய ஒரே ஆவணமாக இருக்கும். மாமிமாரிடம் கேட்டுப் பாருங்கள், வெளியே எறிய மனம் வராமல் வைத்திருப்பார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. திருகோணமலை தனி மறைமாவட்டமானது 1893இல். பிறகு மட்டக்களப்பின் பெயரும் சேர்ந்து, 2012இல் இரண்டும் பிரிந்தன. எந்தப் பங்குக்கு எழுதுவது என்று தெரியாதபோது இந்த ஆண்டுகள் உதவும். பதிவேட்டில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வருகிறது. பாடசாலைச் சேர்வு இடாப்பும் சில வேளை கைகொடுக்கும்.

நான்காம் படி: எழுத்துக்கூட்டலை அவிழ்ப்பது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயரை எப்போதும் தமிழுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கோணேஸ்வரனை ஒருவர் 'கே'யில் தொடங்குவார், 'ஸ்வ' என்பதற்கு ஒருவர் 'வி' போடுவார், இன்னொருவர் 'டபிள்யூ'. பிள்ளை என்பது பழைய ஆவணங்களில் 'புள்ளே' என்று வாசிக்கும்படி எழுதப்பட்டிருக்கும். மூன்று எழுத்துக்கூட்டலைக் கண்டு மூன்று குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. மறுபுறம், ஆங்கிலத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெயர்கள் தமிழில் வேறாக இருப்பதும் உண்டு.

ஐந்தாம் படி: பொருள் காண்பது

கோணாமலையையே எடுத்துக்கொள்வோம். அகராதிப்படி கோணம் என்றால் மூலை, கோணல். கடலுக்குள் மூலையாக நீட்டி நிற்கும் பாறையைப் பார்த்தவருக்கு ஊர்ப் பெயர் எளிதில் விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தேவாரம் இந்தத் தலத்தைக் கோணமாமலை என்று பாடுகிறது. பாளி நூலான மகாவம்சத்தில் கோகண்ண என்ற பெயர் வருகிறது. பிரெட்ரிக் கோட்டையில் கிடைத்த 1223 ஆம் ஆண்டின் வடமொழிக் கல்வெட்டு அதையே கோகர்ணம் என்று சொல்கிறது.

ஆனால் உங்கள் பூட்டனுக்குப் பெயர் வைத்த தாய் மூலையையோ பாறையையோ நினைத்திருக்க மாட்டாள். அவள் நினைத்தது அந்த மலையில் கோயில் கொண்ட கோணேசர் சுவாமியை. போர்த்துக்கீசர் 1620களில் அந்தத் திருக்கோணேஸ்வரக் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்குப் போட்ட பிறகு, மலையில் கோயில் இல்லாத முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் ஒன்று இருந்தது. தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது, மலையில் பாறைக்குப் பூசை நடந்தது, 1950இல் மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் வெளிவந்தன, 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடைப்பட்ட அந்த நெடுங்காலம் முழுவதும் பிள்ளைகளைக் கோணாமலை, கோணாப்பிள்ளை, கோணேசபிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கோபுரம் இல்லாத காலத்தில் சுவாமியின் பெயர் வீட்டு முற்றங்களில் இருந்தது. உங்கள் சர்நேமின் பொருள் என்று பேரப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இதே போல மற்றப் பெயர்களையும் கோயிலோடு சேர்த்துப் பாருங்கள். சித்திரவேல் என்றால் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி. கதிர்காமத்தம்பி என்றால் நேர்த்தி வைத்துக் கதிர்காமத்துக்கு நடந்த ஒரு குடும்பத்தை எண்ணலாம். காளிக்குட்டிக்குப் பின்னால் பத்திரகாளி. மாதுமை அம்பாளின் பெயர் பெண்பிள்ளைகளுக்கு. குளக்கோட்டன் என்பது குளமும் கோட்டமும் கட்டியவன் என்று நம் மரபு பொருள் சொல்லும் ஒரு மன்னனின் பெயர்.

பெயரின் வாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிள்ளை என்று முடிவதைக் கண்டதும் சிலர் சாதிப் பட்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கிழக்கில் வள்ளிப்பிள்ளை, தங்கப்பிள்ளை என்று பெண்களுக்கும் அது வரும். தம்பி, குட்டி என்பவையும் பாசத்தில் ஒட்டிக்கொண்டவை. இளையதம்பி என்றால் வீட்டில் இளையவன், அவ்வளவுதான். பெயரை வைத்துச் சாதி அளக்கும் பழக்கம் தேடலையும் கெடுக்கும், மனிதரையும் கெடுக்கும்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களில் தேடல் முன்னெழுத்துக்குள் ஒளிந்திருக்கும். 'ஏ.எல்.எம்.' என்று இருந்தால் 'ஏ.எல்.' பெரும்பாலும் தகப்பன் ஆதம்லெப்பை அல்லது அகமதுலெப்பை, 'எம்' முகம்மது. லெப்பை என்பது மார்க்கப் பணி செய்தவருக்கான பெயர், பிறகு ஆள் பெயரோடு இணைந்தது. மரைக்காயர் என்றால் கிழக்கில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடியின் சார்பில் இருந்தவரையும் குறிக்கும். ஆகவே அப்படியொரு பெயர் மேலே வந்தால் பள்ளிவாசலின் பழைய நிர்வாகப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

பெரேரா, சில்வா, ரொசாயிரோ போன்றவை போர்த்துக்கீசச் சொற்கள். பெரேரா பேரி மரம், சில்வா காடு, ரொசாயிரோ செபமாலை. இந்தப் பெயர் இருப்பதால் மூதாதை போர்த்துக்கீசர் என்று ஆகிவிடாது. ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் பலர். பதிவேட்டில் அவர்களைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான். பறங்கியர் குடும்பங்கள் வேறு, அவர்களுடைய பெரியவர்களிடம் இன்னும் போர்த்துக்கீசக் கிரியோல் பேச்சு இருக்கிறது. ஆங்கிலேயக் கடற்படைத் தளம் 1957இல் கைமாறும் வரை துறைமுக வேலைக்கு வந்து குடியேறியவர்களின் பெயர்களும் இந்த ஊரில் கலந்திருக்கின்றன.

பழம்பெருமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோணேசர் கல்வெட்டு என்ற நூல், குளக்கோட்டன் மருங்கூரிலிருந்து தானத்தாரையும் காரைக்காலிலிருந்து வரிப்பத்தாரையும் கொண்டுவந்து கோயில் தொழும்புகளுக்கு அமர்த்தியதாகச் சொல்கிறது. வெருகல் கோயில் மதில் கல்வெட்டில் கயிலாய வன்னியனார் பெயர் இருக்கிறது. 1786இல் ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்றுகளைச் சுற்றி நாட்குறிப்பு எழுதினார். இவை நம் சொத்து, கட்டாயம் படியுங்கள். ஆனால் பெயர் ஒன்றுபோல் இருப்பதை மட்டும் வைத்து உங்கள் வம்சத்தை அவற்றோடு ஒட்டாதீர்கள். இன்றும் கோயிலில் உங்கள் குடும்பத்துக்குத் தொழும்போ உபயமோ தலைமுறையாக வருகிறதா, உறுதியில் அந்தக் காணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேச இடமுண்டு.

ஆறாம் படி: எவ்வளவு பரவிய பெயர்?

இணையத்தளங்கள் எண்ணுவது ஆங்கில எழுத்துக்கூட்டலை. நீங்கள் எண்ண வேண்டியது வீடுகளை. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் வாக்காளர் இடாப்பைப் பாருங்கள். பெயர் முன்னே வருகிறதா, அதாவது தகப்பன் பெயராக வருகிறதா, அல்லது சொந்தப் பெயராகவா என்று இரண்டு பத்தியாகக் குறியுங்கள். முன்னே மட்டும் வந்தால் போன தலைமுறையோடு முடிந்த பெயர். இரண்டிலும் வந்தால் இன்னும் வைக்கிறார்கள். ஒரே முன்பெயர் ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டில் வந்தால் அது சகோதரர்கள், பெயரின் பரவல் என்று கணக்கில் போடாதீர்கள்.

கோணாமலை போன்ற பெயர்களை இன்று பிறக்கும் பிள்ளைகளுக்கு யாரும் வைப்பதாக நான் காணவில்லை. கோணேஸ்வரன், கோணலிங்கம் என்று நீண்டு, பிறகு இரண்டெழுத்து மூன்றெழுத்துப் பெயர்களுக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டது. சர்நேமாக மட்டும் ரொரன்டோவிலும் சூரிச்சிலும் வாழ்கிறது. எனக்கு அதில் வருத்தமும் உண்டு, ஆறுதலும் உண்டு.

ஏழாம் படி: எழுதி வைத்து, அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பது

கண்டதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பெயர் தமிழில், பத்திரங்களில் உள்ள எல்லா எழுத்துக்கூட்டலும், அந்தப் பெயருக்குரிய ஆள், பிறந்த ஊர், எந்தப் பத்திரத்தில் கண்டது, யார் வாய்ச்சொல். வாய்ச்சொல்லை வாய்ச்சொல் என்றே குறியுங்கள். பத்திரங்களைப் படமெடுத்து உள்ளூரில் ஒருவர், வெளியூரில் ஒருவர் என்று இரண்டு வீட்டிலாவது வைத்திருங்கள். நம் மாவட்டத்தில் ஒரே பெட்டியை நம்பியவர்கள் பட்டது போதும்.

வெளிநாட்டில் பிள்ளை பிறந்து இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் பதிவது நல்லது. பிந்தினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும். அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது இந்த ஒரு பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் சர்நேமாக நிற்கப் போகிறது என்பதை அண்ணன் தம்பிகள் முன்கூட்டியே பேசி, எல்லோரும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். தமிழில் எழுதும் இடம் இருந்தால் வெறுமையாக விடாமல், ண, ன பார்த்து நீங்களே எழுதிக் கொடுங்கள்.